தாத்தாவின் ஆல்டிமீட்டர்: ஏற்காட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்த ரேடியம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் பழைய போர் விமானங்கள் மேல் தீராத பிரியம் உள்ளவர்கள் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். அஸ்தம்பட்டியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடிதான் இடம். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், ஜவுளி வியாபாரி, வங்கி ஊழியர், கல்லூரி மாணவர்கள் என்று பலவகை ஆட்கள். நான் பாலிடெக்னிக்கில் அளவீட்டுக் கருவிகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன்.

பேசுவதற்கு விஷயம் குறைந்ததே இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் மீது குண்டு போட்டதும் சென்னையிலிருந்து மக்கள் சாரை சாரையாக உள்மாவட்டங்கள் பக்கம் கிளம்பிய கதை, செங்குன்றம் ஏரியில் வந்து இறங்கிய கேட்டலினா பறக்கும் படகுகள், மெட்ராஸ் மாகாணம் யுத்த நிதி கொடுத்ததால் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு பறந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264ஆம் ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்), 1944ல் இம்பாலில் ஹரிக்கேன் விமானங்களோடு அர்ஜன் சிங் நடத்திய இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் என்று ஒவ்வொரு கூட்டமும் இருட்டும்வரை போகும்.

இந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனைப் பற்றியது இந்தப் பதிவு. பொறியியல் இரண்டாம் ஆண்டு, வீடு அம்மாபேட்டைப் பக்கம். அவனுடைய அப்பாயி ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், சிறு காப்பித் தோட்டத்தை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் கிடைத்த ஒரு பெட்டியும், அதை நாங்கள் கையாண்ட விதமும்தான் விஷயம். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் 'ரேடியம்' என்றால் யாரும் பயப்படுவதில்லை. பைக் நம்பர் பிளேட்டில், லாரியின் பின்பக்கத்தில், ஹெல்மெட்டில் ஒட்டும் பளபள ஸ்டிக்கருக்குப் பெயர் ரேடியம். ஐந்து ரோடு பக்கம் நடந்தால் 'இங்கு ரேடியம் கட்டிங் செய்யப்படும்' என்ற பலகையைப் பார்க்கலாம். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள் மட்டும்தான். ஆனால் அந்தப் பெயர் எங்கள் எல்லார் மனதிலும் ஊறியிருந்தது. நடந்த தவறுகளில் பாதிக்கு அதுவே காரணம்.

பெட்டியில் இருந்தவை

ஆடி மாத விடுமுறையில் பையன் ஏற்காடு போயிருந்தான். பரண் மேல் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கித் தரச் சொல்லி அப்பாயியிடம் கேட்டிருக்கிறான். தாத்தா இறந்தபின் அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை.

உள்ளே ஒரு ஆல்டிமீட்டர், அதாவது விமானம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி. மூன்று முள், கறுப்பு முகப்பு, கண்ணாடியில் ஒரு கீறல். அடுத்து கிண்ணம் போல ஒரு காம்பஸ். அப்புறம் என்ஜின் சிலிண்டரின் வெப்பத்தைக் காட்டும் ஒரு சிறிய கேஜ், மேலும் கீழும் தட்டும் இரண்டு டாகிள் சுவிட்சுகள், ஒரு துணிப்பையில் ஸ்பேனர்கள். அடியில் நாலாக மடித்த காகிதங்கள்.

வீட்டில் வழங்கி வந்த கதை, தாத்தா யுத்தத்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார், ஜப்பான்காரனோடு சண்டை போட்டார், இது அவர் விமானத்தில் இருந்து கழற்றியது என்பது. பையன் சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன். விமானப் பிரியமே அவனுக்கு அந்தக் கதையிலிருந்துதான் வந்தது.

சேலம் திரும்பும்போது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டான். ஆல்டிமீட்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டான். அதன் உள்ளே காற்றை எடுத்துவிட்டு மூடிய ஒரு மெல்லிய உலோக டப்பா இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் அது அமுங்கும், குறைந்தால் உப்பும். அந்த அசைவைத்தான் பல்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டுபோகின்றன. ஏற்காடு ஏரிக்கரை ஏறக்குறைய 4,500 அடி உயரம். அங்கே அவன் திருகைத் திருப்பி முள்ளை 4,500ல் வைத்துவிட்டு பஸ் ஏறினான். பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆயிரம் அடி. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் இறங்க இறங்க முள்ளும் பின்னோக்கி வந்தது. எழுபது, எண்பது வருடம் பழைய கருவி, யாரும் எண்ணெய் விட்டதில்லை, ஆனாலும் சரியாக வேலை செய்தது. அதை செல்போனில் வீடியோ எடுத்தான். அன்று ராத்திரியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

முதல் தவறு

அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அருமை தம்பி! நல்லா துடைச்சு எடுத்துட்டு வா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாப்போம்" என்று பதில் போட்டேன். முப்பது வருடம் கருவிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அந்த முகப்பில் இருந்த எண்களின் நிறத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எண்களைக் கவனிக்கவில்லை. இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு என்னுடையது.

பையன் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். ஆல்டிமீட்டரின் முன் வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தான். எண்கள் மேல் இருந்த வண்ணம் பழுப்பேறி, பொரிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தான், ஒளிரவில்லை. 'இது செத்துப்போன பெயிண்ட்' என்று முடிவு செய்து, பழைய டூத் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் நான்கு எண்களைச் சுரண்டினான். தூளை வாயால் ஊதித் தள்ளினான். சுரண்டிய இடத்தில் புதிதாக ஒளிரும் பெயிண்ட் அடிக்கலாம் என்பது அவன் திட்டம். மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டான்.

மொட்டை மாடியில் கவனித்தது

ஞாயிறு சாயங்காலம் கொண்டு வந்ததையெல்லாம் மேஜை மேல் பரப்பினான். கண்ணாடி இல்லாத அந்த முகப்பை முதல் முறையாக நேரில் பார்த்தேன். 1, 2, 3, 4 என்ற எண்கள் இருந்த இடத்தில் வெறும் உலோகம் மின்னியது. 5லிருந்து மேலே உள்ள எண்கள் கருகிய ரொட்டியின் ஓரம் போல தடித்துப் பழுப்பாக நின்றன. முள்ளின் இடுக்கில் மாவு போல தூள்.

"இந்தத் தூளை என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"ஊதிட்டேன் சார். மிச்சம் மேஜையில இருந்ததை அம்மா துடைச்சுட்டாங்க."

"இது ரேடியம் தம்பி."

"ஆமா சார், ரேடியம் கடையில கேட்டா திரும்ப ஒட்டித் தருவாங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டான். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவன் கேட்டதைத் தவறாகவே நினைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உட்காரவைத்து விளக்கினேன். கியூரி தம்பதி 1898ல் கண்டுபிடித்த உலோகம் அது. அதை மிகச் சிறிய அளவில் துத்தநாக சல்பைடோடு கலந்தால் மின்சாரம் இல்லாமலே ராத்திரி முழுக்க ஒளிரும். இருட்டில் பறக்கும் விமானிக்கு உயரமும் திசையும் தெரிய வேண்டும், ஆனால் அறைக்குள் விளக்கு எரிந்தால் வெளியே கண் தெரியாது, எதிரிக்கும் காட்டிக் கொடுக்கும். அதனால் இரண்டாம் உலகப் போர் காலத்து விமானக் கருவிகளில் பரவலாக இந்த வண்ணம் அடித்தார்கள். துத்தநாக சல்பைடு சில வருடங்களில் சோர்ந்துபோய் ஒளிர்வதை விட்டுவிடும். ரேடியம் விடாது. அது பாதியாகக் குறைய 1,600 வருடம் ஆகும். எண்பது வருடத்தில் நூற்றுக்கு நான்கு பங்குகூடக் குறைந்திருக்காது. இருட்டில் ஒளிரவில்லை என்றால் விளக்கு அணைந்தது என்றுதான் அர்த்தம், அடுப்பு அப்படியே எரிகிறது.

வெளியே இருக்கும்வரை அதன் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். தூளாகி மூக்கிலோ வாயிலோ போனால்தான் கதை மாறும். உடம்பு ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவிடும். அமெரிக்காவில் 1920களில் கடிகார முகப்புகளுக்கு இந்த வண்ணம் தீட்டிய இளம்பெண்கள், முனை கூராக வருவதற்காகப் பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூட்டினார்கள். பலருக்குத் தாடை எலும்பே அழுகிப்போனது, பலர் இறந்தார்கள். கண்ணாடி மூடிய நிலையில் இந்த ஆல்டிமீட்டர் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டியதுதான் விஷயம்.

அன்று எடுத்த முடிவுகள்

முதலில் யாரும் எதையும் தொடக்கூடாது என்றோம். கையுறை வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனி ஜிப் பையில், அதன் மேல் இன்னொரு பை என்று இரட்டையாகப் போட்டோம். மாடி மேஜையை ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டோம். பெருக்கக் கூடாது, வேக்யூம் கிளீனர் போடக் கூடாது, இரண்டும் தூளைக் காற்றில் கிளப்பிவிடும். எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். பையன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெட்டிய துண்டுகளையும் பையில் போட்டான்.

அடுத்தது இந்தப் பைகளை என்ன செய்வது என்ற கேள்வி. இதில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. ஒருவர், இதற்கு வெளிநாட்டில் நல்ல விலை உண்டு, விற்றுவிடலாம் என்றார். இன்னொருவர், தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் தீர்ந்தது என்றார். மூன்றாமவர் கேட்டதுதான் எனக்கு உள்ளே உறைத்தது: "எண்பது வருஷம் பரண்ல இருந்தது, யாருக்கும் ஒன்னும் ஆகலையே சார்? அப்படியே மூடி வெச்சுட்டாப் போச்சு."

விற்றால் வாங்குகிறவன் நம் பையனைப் போல இன்னொரு முறை சுரண்டுவான். புதைத்தால் அடுத்த தலைமுறையில் காப்பிக் குழி வெட்டுகிறவன் கையில் வரும். மூடி வைத்தால், பாட்டிக்குப் பிறகு வீட்டைக் காலி செய்கிற அன்று பழைய இரும்புக் கடைக்குப் போகும். 2010ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புச் சந்தைக்குப் போன கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஒருவர் உயிரை எடுத்தது, பலரைப் படுக்கையில் தள்ளியது. அதன் வீரியத்தோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆனால் போன வழி ஒன்றுதான்: என்ன பொருள் என்று தெரியாமல் கைமாறியது. அதனால் தெரிந்தவர் ஒருவரை வைத்து அளந்து பார்ப்பது, அதுவரை பொருட்களை மேற்கொண்டு எங்கும் நகர்த்தாமல் இருப்பது என்று முடிவானது. பைகளை ஒரு பெரிய பெயிண்ட் டின்னில் போட்டு மூடி, மேலே என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டி, மாடியில் ஆள் நடமாட்டம் இல்லாத, காற்றோட்டமான ஒரு ஷெட்டில் பூட்டி வைத்தோம். ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு வரும், அதனால் காற்றோட்டம் முக்கியம்.

பையனின் வீட்டுக்கு அன்றிரவே போனோம். அவன் அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மேஜையைத் துடைத்த துணி எங்கே என்று கேட்டபோது, "அலசிக் காயப்போட்டு மறுபடியும் அதுலதான் துடைக்கிறேன்" என்றார்.

அளந்தபோது தெரிந்தது

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் இருப்பார். அவரே பெரும்பாலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகவும் இருப்பார். என் பழைய மாணவி ஒருவர் அந்தத் துறையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். செவ்வாய்க்கிழமை அளவீட்டுக் கருவியோடு வந்தார்.

ஆல்டிமீட்டரின் முகப்பை ஒட்டிப் பிடித்தபோது கருவி காட்டியது, அந்த அறையில் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சின் அளவை, அதாவது பின்னணி அளவைவிட நூறு மடங்குக்கும் மேல். ஒரு மீட்டர் தள்ளிப் போனதும் பின்னணியோடு கலந்துவிட்டது. தூரம் இரட்டிப்பானால் கதிர் நாலில் ஒன்றாகும் என்று பாடத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்த டிக் டிக் சத்தம் கண்ணெதிரே அடங்குவதைக் கேட்டபோது அது வேறு மாதிரி புரிந்தது. காம்பஸிலும் இருந்தது, எதிர்பார்த்ததுதான். வெப்ப கேஜில் எதுவும் இல்லை.

எதிர்பாராதது சுவிட்ச். இரண்டு டாகிள் சுவிட்சுகளில் ஒன்றின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி. இருட்டில் விரல் வைக்க வழிகாட்டும் ஒளிப்புள்ளி அது. கருவி அதன் மேல் கூச்சலிட்டது. அந்தச் சுவிட்சை மட்டும் பையன் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரவில்லை. 'தாத்தா தொட்டது' என்று படுக்கையின் தலைமாட்டில் வைத்திருந்தான். பதினொரு நாள் தலையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்திருக்கிறது. நாங்கள் பட்டியல் கேட்கவே இல்லை. கொண்டு வந்ததைப் பார்த்தோமே தவிர, பெட்டியில் வேறு என்ன இருந்தது, இப்போது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

சமையலறை மேஜையில் மூன்று இடத்தில், துடைக்கும் துணியில், டூத் பிரஷ்ஷில், அவன் சட்டையின் வலது கைமடிப்பில் தூள் இருந்தது. மேஜை சன்மைக்கா பலகை. ஈரத்துணியால் நான்கு முறை துடைத்தபின் இரண்டு இடம் சுத்தமானது, மூன்றாவது இடத்தில் விரிசலுக்குள் போய்விட்டது. அந்தப் பலகையை அறுத்து எடுத்துப் பைக்குள் போட்டோம். கை, நகம், தலைமுடி எல்லாம் அளந்து பார்த்ததில் ஒன்றும் இல்லை.

அவர் பையனிடம் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எத்தனை முறை ஊதினாய், ஊதும்போது முகம் எவ்வளவு அருகில், சுரண்டும்போது ஏதாவது சாப்பிட்டாயா, நகம் கடிக்கும் பழக்கம் உண்டா, மின்விசிறி ஓடியதா. பதில்களை வைத்து, உள்ளே போயிருந்தாலும் மிகச் சிறிய அளவாகவே இருக்கும், அவசர சிகிச்சை எதுவும் தேவைப்படாது என்று கணித்துச் சொன்னார். 'ஒன்றுமே போகவில்லை' என்று அவர் சொல்லவில்லை. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டபோதும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். நடந்ததை ஒரு பக்கம் எழுதி, மருத்துவக் காகிதங்களோடு பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

தாத்தா யார்

பொருட்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிகாட்டுதலோடு ஒப்படைப்பதே சரி என்று மாணவி சொன்னார். பையன் மறுத்தான். "எல்லாத்தையும் குடுத்துட்டா தாத்தா ஓட்டுனதுக்கு என்ன சாட்சி சார்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பொருளைப் பிடுங்குவது நியாயமாகப் படவில்லை. எனவே அவற்றைப் பையோடு வைத்தே ஆராய்ந்தோம்.

காம்பஸின் அடியில் கிரீடமும் 'ஏ.எம்.' என்ற எழுத்தும், 6ஏ/726 என்ற எண்ணும் இருந்தன. கிரீடமும் எழுத்தும் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. 6ஏ என்பது அவர்களுடைய கிடங்குக் கணக்கில் கருவிகளுக்கான பிரிவு, 726 என்பது பி8 ரகக் காம்பஸ். இணையத்தில் விற்பவர்கள் இதை 'ஸ்பிட்ஃபயர் காம்பஸ்' என்றுதான் விற்கிறார்கள். ஸ்பிட்ஃபயரில் விமானியின் முழங்கால்களுக்கு நடுவே இது இருந்தது உண்மைதான். ஹரிக்கேனிலும் இதுவேதான் இருந்தது. எந்த விமானம் என்று காம்பஸ் மட்டும் சொல்லாது. யார் ஓட்டினார் என்று சொல்லவே சொல்லாது.

பெட்டியின் அடியில் இருந்த காகிதங்களை அதுவரை யாரும் பிரிக்கவில்லை. பையன் கருவிகளோடு சேர்த்து எடுத்து வந்திருந்தான், ஆனால் படிக்கவில்லை. மாணவி அவற்றையும் அளந்து, சுத்தம் என்று சொன்னபின் பிரித்தோம். ஒன்று தட்டச்சு செய்த வேலைச் சான்றிதழ். தாத்தா 1944 முதல் 1946 வரை பெங்களூரில் ஒரு விமானப் பட்டறையில் என்ஜின் ஃபிட்டர், வேலை 'ஆர்-1830 என்ஜின் ஓவர்ஹால்', அதாவது என்ஜினை முழுதாகக் கழற்றிச் சரிபார்த்து மாட்டுவது.

இதைப் படித்ததும் மாடியில் சத்தமே இல்லை. ஆர்-1830 என்பது ப்ராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ட்வின் வாஸ்ப் என்ஜின். பதினான்கு சிலிண்டர், 1,200 குதிரைசக்தி, கன அங்குலத்தில் அதன் கொள்ளளவுதான் அந்த எண். கேட்டலினாவுக்கு இரண்டு, டகோட்டா போக்குவரத்து விமானத்துக்கு இரண்டு, லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு நான்கு என்று மூன்றிலும் இதே என்ஜின்தான். போரின் கடைசி வருடங்களில் பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் ஓவர்ஹால் கூடமாக இயங்கியது. கேட்டலினாக்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கும். எங்கள் மொட்டை மாடியில் வருடக்கணக்கில் பேசிய செங்குன்றம் கேட்டலினாக்களுக்கு இருந்த அதே என்ஜினைக் கழற்றி மாட்டியவர் அந்தத் தாத்தா.

அந்த வார இறுதியில் பையனும் நானும் ஏற்காடு போய் அப்பாயியிடம் கேட்டோம். எண்பத்தெட்டு வயது, நினைவு தெளிவு. "ஓட்டுனாருன்னு யாரு கண்ணு சொன்னது? உங்கப்பன் சின்னதுல சொல்லித் திரிஞ்சான். ஓட்டறவங்களுக்கு இஞ்சினு கழட்டி மாட்டறதுதான் அவரு வேலை. அந்தச் சாமானெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் மெட்ராசு மூர் மார்க்கெட்டுல காசு குடுத்து வாங்குனது. ஒவ்வொரு தடவை போறப்பவும் ஒன்னு வாங்கிட்டு வருவாரு, நான் சத்தம் போடுவேன்."

மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோனது. அதற்கு முன் போர்க்காலக் கழிவுச் சாமான்கள் உட்பட எல்லாப் பழைய பொருளும் அங்கே கிடைத்தன. ஆக, ஆல்டிமீட்டரும் காம்பஸும் அவர் வேலை பார்த்த விமானங்களுடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர் வாழ்க்கையின் சாட்சி அந்தக் காகிதமும் ஸ்பேனர்களும்தான். பையன் தோட்டத்துப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்து, "குடுத்துடலாம் சார்" என்றான்.

அன்று அளவீட்டுக் கருவியையும் கொண்டு போயிருந்தோம். ட்ரங்குப் பெட்டியின் அடித்தாளில் உதிர்ந்த வண்ணம் இருந்தது. தாளை உருட்டி எடுத்துப் பைக்குள் போட்டோம். பெட்டி சுத்தம். பரண் இருந்த அறை வருடம் முழுக்க மூடியே கிடக்கும், அதன் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்தோம்.

ஒப்படைத்தது

மாணவி வாரியத்துக்கு எழுதினார். பதில், மேலும் விவரம், புகைப்படம், எடை என்று கடிதப் போக்குவரத்து இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் அனுமதி பெற்றவர்கள் வந்து டின்னையும் பலகையையும் துணிகளையும் கணக்கெடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள். விசாரணை, வழக்கு என்றெல்லாம் குடும்பம் பயந்தது. தானாக முன்வந்து தெரிவித்ததால் கேள்விகளோடு முடிந்தது.

அதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் பை வழியாகவே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தோம். முத்திரைகளையும் எண்களையும் ஒரு நோட்டில் எழுதினோம். வங்கி ஊழியர் ஆல்டிமீட்டரின் முகப்பை முழு அளவில் வரைந்தார், சுரண்டிய நான்கு எண்களின் இடத்தைக் காலியாகவே விட்டு.

பின்னர் நடந்தவை

பையன் நன்றாக இருக்கிறான். வருடா வருடம் பரிசோதனைக்குப் போகும்போது அந்த ஒரு பக்கத்தையும் மருத்துவரிடம் காட்டுகிறான். கொஞ்ச நாள் கூட்டத்துக்கு வரவில்லை. தன்னால் மேஜை போனது, அம்மா பயந்தது என்ற வருத்தம். தவறு என் பதிலில் தொடங்கியது என்று அவன் வீட்டிலேயே, அவன் பெற்றோர் முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தான்.

எங்கள் குழுவில் மற்றவர்கள் வீட்டுச் சேகரிப்புகளையும் மாணவி அளந்து பார்த்தார். ஜவுளி வியாபாரியின் மேஜை மேல் பல வருடமாக இருந்த ஒரு பழைய விமானக் கடிகாரத்திலும் ரேடியம் இருந்தது. அவர் அதன் கண்ணாடியைத் திறந்ததே இல்லை என்பது நிம்மதி. அதுவும் அதே வழியில் போனது.

இப்போது மாற்றிக்கொண்டவை

புதிதாக யாராவது ஒரு பொருளின் படத்தைப் போட்டால், நாங்கள் அனுப்பும் முதல் பதில் இப்போது மாறிவிட்டது: துடைக்காதே, திறக்காதே, எங்கே கிடைத்ததோ அங்கேயே வைத்துவிட்டு, கூட என்னென்ன கிடைத்தது, ஒவ்வொன்றும் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுது. கடைசிக் கேள்வி அந்தச் சுவிட்சால் சேர்ந்தது. இரண்டாவதாக, கூட இருந்த காகிதங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். நாங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தாத்தாவின் பெயர் பெட்டியின் அடியில் மடிந்து கிடந்தது. அதை முதலில் படித்திருந்தால், அந்த நான்கு எண்களைச் சுரண்டும் ஆசையே பையனுக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக, பேச்சில் 'ரேடியம்' என்ற சொல்லைத் தனியாக விடுவதில்லை. 'கதிரியக்க ரேடியம், ஸ்டிக்கர் ரேடியம் இல்லை' என்று முழுசாகச் சொல்கிறோம். நீளம்தான், ஆனால் அப்படிச் சொன்னால்தான் கேட்பவர் கை பின்னால் போகிறது.

வேறு விதமாகச் செய்திருக்கலாமா என்று இன்னும் விவாதம் வருவது ஒன்றைப் பற்றித்தான். உரிய அனுமதி உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு அந்த ஆல்டிமீட்டரைக் கொடுக்க முயன்றிருக்க வேண்டும் என்று ரயில்வேக்காரர் இன்றும் சொல்கிறார். வேலை செய்கிற கருவி, போனால் திரும்ப வராது என்கிறார். கண்ணாடி கழற்றி, சுரண்டிய நிலையில் அதை யார் ஏற்பார்கள் என்பது என் பதில். ஒருவேளை அது முழுதாக இருந்திருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

சான்றிதழ் சட்டம் போட்டு ஏற்காட்டு வீட்டின் முன் அறையில், தாத்தா படத்துக்குக் கீழே தொங்குகிறது. பக்கத்தில் ஸ்பேனர்கள். போன மாதம் கூட்டத்தில் பையன் அந்தப் பஸ் வீடியோவைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவின் எண் பலகையும் ஜன்னலில் ஓடி மறைகிறது, முள் மூன்றரைச் சுற்றுப் பின்னால் வருகிறது. சேலத்தில் பஸ் நிற்கும்போது முள் 950க்குப் பக்கத்தில் நிற்கிறது. சேலத்தின் உயரம் 900 அடி சொச்சம்.